தோபா ஏரிக்கரையில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஒரு குடும்பம் சுமத்ராவின் தோபா ஏரிக்கு நான்கு இரவு போகிறது. கூடவே மாமியார் (சுத்த சைவம், முழங்கால் வலி). பிள்ளைகள் இருவருக்கும் வயது ஒன்பது, பதிமூன்று. "ஏரியை ஒரு நாள் பார்த்தால் போதும் என்கிறார்கள். அரும்பொருளகம், பண்பாட்டு இடம் என்று உருப்படியாக ஏதாவது இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் நேரம் இல்லாவிட்டால் எதை விடலாம்?"

இருக்கிறது, நான்கு இரவுக்குத் தாராளமாகவே இருக்கிறது. பார்க்கும் வரிசைதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் படகில் தோமோக்கில் இறங்கி ராஜாவின் கல்லறையைப் பார்க்கிறார்கள், அம்பாரித்தாவில் கல் நாற்காலி முன்னால் படம் எடுக்கிறார்கள், கடைத்தெருவில் சாவிக்கொத்து வாங்குகிறார்கள். நேரம் மிஞ்சினால் அரும்பொருளகம். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். தோபாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றைவிட வெளியில் நிற்பவைதான் அதிகம்: வீடு, நெற்களஞ்சியம், கல்லறை, தோளில் போடும் துணி. இன்னது எதற்கு என்று முதலில் தெரிந்துகொண்டு போனால்தான் அவை கண்ணில் படும். இல்லாவிட்டால் நான்காவது கூரை வீட்டைப் பார்க்கும்போதே பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

இடத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஏரி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிரும், மாமியாருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் சமோசிர் தீவு மட்டுமே சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சிறியது. ஆகவே "தீவைச் சுற்றிவந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது முழுக்க ஓர் எரிமலை வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது அதன் சாம்பல் இந்தியா வரை போய் விழுந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்திலும் நமக்குப் பக்கத்தில் பேராக்கிலும் அந்தச் சாம்பல் படிவை ஆய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பதிமூன்று வயதுக்காரருக்கு இதை விமானத்திலேயே சொல்லிவிடுங்கள். 2020இல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காப் பட்டியலில் சேர்த்தது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு மேடானின் கோலா நாமு விமான நிலையம்தான் சுலபம். அங்கிருந்து ஏரிக்கரையில் இருக்கும் பராப்பாட் ஊருக்குக் காரில் மூன்று நான்கு மணி நேரம். ஓட்டுநரோடு கார் பேசிக்கொள்ளுங்கள். வழியில் பெமாத்தாங் சியாந்தார் நகரத்தில் சிமாலுங்குன் அரும்பொருளகம் இருக்கிறது. 1940இல் திறந்தது, சின்னக் கட்டடம். சாப்பிட நிற்கும்போது எட்டிப் பார்க்கலாம், அதற்கென்று மெனக்கெட வேண்டாம். முதல் இரவு பராப்பாட்டிலேயே தங்குங்கள். அன்றைக்கே தீவுக்குப் போய்விட வேண்டும் என்று அவசரப்பட்டால் இருட்டில் படகுத்துறையில் பெட்டியோடு நிற்க வேண்டிவரும்.

இரண்டாம் நாள் காலை பாலிகேவுக்குக் கிளம்புங்கள். ஏரியின் தென்கரையில் இருக்கிறது, பராப்பாட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அங்கே தே. பே. சிலாலாஹி மையம் என்று ஒன்று இருக்கிறது. ராணுவ ஜெனரலாகவும் அமைச்சராகவும் இருந்தவர் தன் சொந்த ஊரில் நிறுவியது. அதற்குள், இந்த ஏரி வட்டாரத்துப் பூர்வகுடிகளான பத்தாக் மக்களின் அரும்பொருளகம் 2011இல் திறக்கப்பட்டது. ஒரு பகுதி முழுக்க நிறுவனரின் சீருடைகள், பதக்கங்கள், புகைப்படங்கள். அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். பத்தாக் பகுதிதான் நீங்கள் வந்த காரணம். மொத்தத் தோபா வட்டாரத்திலும் ஒரே ஓர் அரும்பொருளகத்துக்குத்தான் நேரம் என்றால், என் ஓட்டு இதற்கே.

அங்கே இரண்டு பொருட்களின் முன்னால் நின்று பாருங்கள். ஒன்று புஸ்தாகா, அதாவது பத்தாக் பூசாரிகள் (தாத்து என்பார்கள்) வைத்திருந்த ஏடு. அகில் மரப்பட்டையை நீளமாக உரித்து, சீவி, ஆர்மோனியத் துருத்திபோல மடித்து, இரண்டு பக்கமும் மரத்தில் அட்டை போட்டிருப்பார்கள். மேலட்டையில் பல நேரம் ஒரு பல்லி செதுக்கியிருக்கும். உள்ளே மருந்து, நாள் பார்ப்பது, எதிரிக்குச் சூனியம் வைப்பது, அதை எடுப்பது. எழுத்து நம் கிரந்தத்துக்குத் தூரத்து உறவு. பல்லவ எழுத்திலிருந்து கிளைத்துப் பல கைமாறி வந்தது. நாள் பார்க்கும் அட்டவணையில் ஆதித்யா, அங்காரா, போராஸ்பதி என்று கிழமைப் பெயர்கள் வரும்போது மாமியாரே நின்று பார்ப்பார். பழைய புஸ்தாகாக்களில் கணிசமானவை டச்சு, ஜெர்மானியச் சேகரிப்புகளுக்குப் போய்விட்டன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இன்னொன்று தாத்துவின் கோல், துங்கால் பனாலுவான். ஆளுயரத்துக்கு மேல் இருக்கும் ஒரே மரத்துண்டு. அதில் ஒருவர் தலைமேல் ஒருவராக மனித உருவங்கள், இடையில் பாம்பு, உச்சியில் முடி கட்டிய தலை. கதை இதுதான்: இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த அண்ணனும் தங்கையும் தகாத உறவில் விழுந்து, காட்டில் ஒரு மரத்தில் ஏறி அந்த மரத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். காப்பாற்ற வந்த பூசாரிகளும் ஒவ்வொருவராக ஒட்டிக்கொண்டார்கள். கடைசியில் மரத்தை வெட்டி அதே உருவங்களைக் கோலில் செதுக்கினார்கள். ஒன்பது வயதுக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் பாடு. ஆனால் இந்தக் கதை பத்தாக் சமூகத்தின் அடிப்படை விதியைத் தொடுகிறது. ஒரே மார்காவுக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், திருமணம் கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நமக்கு இதில் சுவை அதிகம். பத்தாக் உறவுமுறையை அடுப்புக்கல் மூன்று என்பார்கள், டாலிஹான் நா தோலு. பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு, தன் குலத்துப் பங்காளிகள். இந்த மூன்றும் சரியாக நின்றால்தான் பானை நிற்கும். பெண் கொடுத்த வீட்டுக்குத்தான் மரியாதை அதிகம். நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அங்கே நேர் எதிர். தாய்மாமனுக்குத் துலாங் என்று பெயர். மாமன் மகளைக் கட்டுவது விரும்பப்படும் சம்பந்தம், ஆனால் ஒருவன் தன் அத்தை மகளைக் கட்டக் கூடாது. இங்கேதான் நம்மிடமிருந்து விலகுகிறார்கள். கல்யாணத்தில் பெண் வீட்டார்தான் உலோஸ் துணியைத் தம்பதியின் தோளில் போர்த்துவார்கள். தாய்மாமன் சீர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவைப்படாது. உங்கள் ஓட்டுநர் பத்தாக்காரராக இருந்தால் "உங்கள் மார்கா என்ன?" என்று கேளுங்கள். மீதிப் பயணம் முழுக்கப் பேச்சு ஓடும்.

பாலிகேயிலேயே பன்னிரண்டாம் சிசிங்கமங்கராஜாவின் சமாதி இருக்கிறது. டச்சுக்காரர்களை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடி 1907இல் சுடப்பட்டு இறந்த பத்தாக் மன்னர். முதலில் தாருத்துங்கில் புதைத்து, 1953இல் இங்கே கொண்டுவந்தார்கள். 1961இல் இந்தோனேசியாவின் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார். கால் மணி நேரம் போதும். ஊர்ச் சந்தைக்கட்டடம் வரிசையாகப் பத்தாக் கூரைகளோடு நிற்கும், அதையும் காரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பிற்பகலில் பராப்பாட் பக்கம் திரும்பி, தீவுக்குக் கடந்துவிடுங்கள். காரோடு போக அஜிபாத்தா துறை, ஆள் மட்டும் போக சின்னப் படகுகள். உயிர்காப்பு உடுப்பு கண்ணில் தெரியாத படகில் ஏற வேண்டாம், கூட்டம் வழிந்தால் அடுத்ததில் போங்கள். 2018 ஜூனில் சினார் பாங்குன் படகு அளவுக்கு மீறி ஆளேற்றி மூழ்கியதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அதுவும் விடுமுறைக் கூட்டம்தான்.

மூன்றாம் நாள் சிமானிண்டோ. தீவின் வடகோடியில் இருக்கும் ஹுத்தா போலோன் அரும்பொருளகம் ஒரு காலத்தில் சிடாவ்ருக் குலத்து ராஜாவின் வீடு. காலையில் நடனம் நடக்கும். நேரத்தை முந்தின நாள் விடுதியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலய நாள் என்பதால் மாறும். கிராமத்து முற்றத்தின் நடுவில் ஒரு கம்பம், அதில் எருமை. ஒரு மாடியில் தாளக்காரர்கள். சுருதி சேர்த்த தாகானிங் முரசுகளை வரிசையாகத் தொங்கவிட்டு ஒருவரே வாசிப்பார். முரசில் ராகம் கேட்பது தவில் கேட்டுப் பழகிய காதுக்கும் புதிதாக இருக்கும். ஆட்டம் பெரிய துள்ளல் இல்லை. உள்ளங்கையைக் கூப்பியும் விரித்தும், முழங்காலை லேசாக மடக்கியும் போகும் தோர்தோர். சுற்றுலாவுக்காக நடத்துவதுதான், மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஒரு சடங்கு எந்த வரிசையில் நடந்தது என்று தொடக்கத்திலிருந்து முடிவுவரை காட்டுவது இங்கேதான். கடைசியில் உங்களையும் ஆடக் கூப்பிடுவார்கள். மாமியாருக்கு உட்கார இடம் உண்டு, நடக்க வேண்டியதும் குறைவு.

சிகாலே-காலே என்ற மரப்பொம்மையை இங்கும் தோமோக்கிலும் பாலிகேயிலும் பார்க்கலாம். ஆளுயரம், தலையில் சிவப்புத் துணி, பின்னால் ஒருவர் உட்கார்ந்து கயிறுகளை இழுப்பார். ஒரே மகனைப் பறிகொடுத்த ராஜாவுக்காகச் செய்யப்பட்டது என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. வழக்கத்தில் இது வாரிசு இல்லாமல் இறந்தவர்களின் சாவுச் சடங்குக்கு உரியது. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையே என்ற அதே கவலை. இன்றைக்குப் பொம்மையின் பக்கத்தில் நின்று பணத்தாளைச் செருகிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை பார்த்தால் போதும், சிமானிண்டோவிலேயே பார்த்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் அம்பாரித்தா, சியால்லாகான் கிராமம். ஹரியாரா மரத்தடியில் வட்டமாகக் கல் நாற்காலிகள், நடுவில் கல் மேசை. ராஜாவும் பெரியவர்களும் உட்கார்ந்து வழக்கு விசாரித்த இடம். உள்ளே இன்னொரு வட்டத்தில் தண்டனை. இங்கே வழிகாட்டிகள் நரமாமிசக் கதையைக் கண்ணை உருட்டிச் சொல்வார்கள், ஒரு பயணியைப் படுக்கவைத்து வெட்டுவதுபோல நடித்தும் காட்டுவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பத்தாக் மக்கள் மனிதரைத் தின்பவர்கள் என்ற பேச்சு மார்க்கோ போலோ காலத்திலிருந்து இருக்கிறது. நம்முடைய ராஃபிள்ஸ்கூட 1820இல் தப்பானூலி கடற்கரைக்குப் போய்வந்து, இது சட்டப்படி தரும் தண்டனை, ஒழுங்கான விசாரணைக்குப் பிறகுதான் நடக்கிறது என்று வியந்து கடிதம் எழுதினார். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஆனால் நாற்காலிகளைப் பார்க்கும்போது தலைவெட்டை மட்டும் நினைக்காமல், ஓர் ஊர்ப் பஞ்சாயத்தாகப் பார்க்கலாம். இந்த வளாகத்தை அண்மையில் புதுப்பித்து 2022இல் திறந்தார்கள். நடைபாதை வசதியாகிவிட்டது, பழைய அழுக்கும் அழகும் கொஞ்சம் போய்விட்டன.

அங்குள்ள வீடுகளை நிதானமாகப் பாருங்கள். முன்பக்கம் முழுக்கக் கோர்கா என்ற செதுக்கல், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்றே நிறம். சுவரில் ஒரு பல்லியும் வரிசையாக நான்கு முலைகளும் புடைத்திருக்கும். பிள்ளைகள் கிளுகிளுக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள், அது வளத்தின் அடையாளம். வாசல் வேண்டுமென்றே தாழ்வாக இருக்கும், குனிந்துதான் நுழைய முடியும். படி செங்குத்து. மாமியார் கீழேயே இருக்கட்டும்.

இப்படிப் பார்த்துவிட்டு நான்காம் நாள் காலை தோமோக் போனால் சிடாபுத்தார் ராஜாக்களின் கல்லறைகள் வேறு மாதிரித் தெரியும். படகு வடிவில் குடைந்த பெரிய கல், முன்பக்கம் முகம். நுழையும் முன் தோளில் ஓர் உலோஸ் போட்டுவிடுவார்கள். காணிக்கைப் பெட்டிக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், இங்கே எல்லாமே ரொக்கம். பக்கத்தில் இருக்கும் சின்ன அரும்பொருளகத்தை விட்டுவிடலாம், பாலிகே பார்த்தவர்களுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. கடைத்தெருவில் "இருநூறு ஆண்டுப் பழசு" என்று விற்கும் புஸ்தாகாக்கள் புகைபோட்டுப் பழுப்பாக்கிய புதுச் சரக்கு. அழகாக இருந்தால் அழகுக்காக வாங்குங்கள். நிஜமாகவே பழசாக இருந்தால் நாட்டைவிட்டு எடுத்துவரச் சட்டம் விடாது. உலோஸ் வாங்குவதானால் ஒரு விஷயம்: கடையில் தொங்கும் மெல்லியவை பெரும்பாலும் இயந்திர நெசவு. கைத்தறி வேண்டுமென்றால் பங்குருரான் பக்கத்தில் லும்பான் சுஹி-சுஹி கிராமத்தில் பெண்கள் வீட்டு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, தறியை இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்வார்கள். விலை பல மடங்கு, அது நியாயம்தான். ஐந்தாவது இரவு கிடைத்தால் அந்தப் பக்கம் போங்கள். கூடவே பத்தாக் மக்கள் தங்கள் முதல் மூதாதை இறங்கியதாகச் சொல்லும் பூசுக் புஹிட் மலையடிவாரமும் சேரும்.

பெராஸ்தாகி என்ற மலைநகரத்தில் பத்தாக் மக்களில் ஒரு பிரிவான காரோ மக்களுக்கான அரும்பொருளகமும், லிங்கா கிராமத்தில் எட்டுக் குடும்பம் ஒரே கூரையில் வாழ்ந்த வீடுகளும் இருக்கின்றன. நல்ல இடங்கள், ஆனால் நான்கு இரவில் திணிக்க வேண்டாம். காரோ என்றதும் நம்மவர்கள் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். காரோவின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்று உட்பிரிவுகள் உண்டு. சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளிகளின் வழிவந்தவர்கள் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். தொடர்பு இருந்ததில் சந்தேகமில்லை. சுமத்ராவின் மேற்குக் கடற்கரையில் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பேசுகிறது. கற்பூரம் வாங்க வந்தவர்கள் அவர்கள். கல் இப்போது ஜக்கார்த்தாவின் தேசிய அரும்பொருளகத்தில். அதற்காகச் சோழன் வந்து தோபாவை ஆண்டான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வணிகர்கள் வந்தார்கள், சிலர் தங்கினார்கள், பெண் எடுத்தார்கள் என்பதே போதுமான கதை.

அதற்கான தடயங்களைப் பார்க்க மேடான் வாருங்கள். நான்காம் நாள் பத்து மணிப் படகில் கடந்தால் மாலைக்குள் வந்துவிடலாம், இரவு அங்கே. மறுநாள் வடசுமத்ரா மாநில அரும்பொருளகத்தில் கோத்தா சீனா என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த சிலைகளைப் பாருங்கள். புத்தரும் விஷ்ணுவும் தென்னிந்தியச் சாயலில் இருப்பார்கள். பிறகு 1884இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், சுற்றிக் கம்போங் மெட்ராஸ். மேடானைச் சுற்றியிருந்த டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களின் பேட்டை. சிங்கப்பூரின் தேக்கா (லிட்டில் இந்தியா) மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள், தமிழ்ப் பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் கோயிலில் மாமியாருக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். நேரம் இருந்தால் வேளாங்கண்ணி மாதா தேவாலயம் ஒன்றும் மேடானில் உண்டு. கோபுரம் வைத்துக் கட்டியது, பார்ப்பவர்கள் கோயிலென்றே நினைப்பார்கள்.

புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை எம்பிரஸ் பிளேசில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தென்கிழக்காசியச் சடங்குப் பொருட்கள் இருக்கும் கூடத்தில் பத்தாக் பொருட்களும் உண்டு. கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்தில் நம் வணிகர்கள் இந்தப் பக்கம் வந்த கதையும் இருக்கிறது. செலவில்லாத முன்பாடம்.

சாப்பாடு: ஏரிக்கரை பெரும்பாலும் கிறிஸ்தவப் பத்தாக் ஊர், பன்றி இறைச்சி சகஜம். தீவில் விடுதிகள் நிறைந்த துக்துக் பகுதியில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் என்பதால் காய்கறிக் குழம்பு, காடோ-காடோ, தெம்பே கிடைக்கும். "பெலாச்சான் (இறால் விழுது) வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும், "சைவம்" என்று மட்டும் சொன்னால் நெத்திலி வந்து சேரும். அண்டாலிமான் என்ற உள்ளூர் மிளகு நாக்கை லேசாக மரக்கடிக்கும், அதைச் சம்பலாக அரைத்துக் கேட்டால் வெறும் சோறுகூட இறங்கும். ஆனாலும் இரண்டு பாக்கெட் புளிக்காய்ச்சல் பெட்டியில் இருக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர் குடும்பத்தில் யாராவது இருந்தால் விசா வேண்டும், கோலா நாமுவில் இறங்கியதும் எடுப்பதானால் அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள்.